கொலன்னாவை எண்ணெயும் ஈட்டுப்பணமும்

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்துக் கொலன்னாவையில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை அறியாதார் தலைநகரில் இலர். துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வந்து சேரும் எண்ணெய் அங்குத் தங்கிப் பின் புகைவண்டியிலும் பவுசரிலும் ஏறி நாடெங்கும் செல்கின்றது. வெள்ளவத்தை வீதியில் ஓடும் பேருந்தும் கொட்டாஞ்சேனை வீடொன்றில் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பும் அத்தாங்கிகளை நம்பியே உள்ளன. 1995 ஒக்தோபரில் அவை தரைவழித் தாக்குதலுக்கும், 2007 ஏப்பிரலில் வான்வழித் தாக்குதலுக்கும் இலக்காயின. ஆதலின் அவற்றுக்குச் சுவரும் காவலும் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. அதே 2007ஆம் ஆண்டில், அத்தாங்கிகளை நிரப்பும் எண்ணெயின் விலைக்கும் ஒரு வேலி கட்டப்பட்டது. அது தாளிற் கட்டிய வேலி. அதற்குக் காவல் எத்தகையதாய் இருந்தது, எத்தகையதாய் இருந்திருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

வேலி என்றது உவமையன்று. அந்நாளில் நம் செய்தித்தாள்கள் 'ஹெட்ஜிங்' என எழுதிய சொல்லின் வேரே உயிர்வேலி என்னும் பொருளது. பயிருக்குரியவன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அஞ்சி வேலி அடைப்பான். எண்ணெய் வாங்குவோன் விலையேற்றத்துக்கு அஞ்சி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வான். அவ்வொப்பந்தத்தில் எண்ணெய் கைமாறுவதில்லை. குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பணமாகக் கைமாறும். வேறொரு பொருளின் விலையிலிருந்து தன் பெறுமதியைப் பெறுதலின் இவ்வகை ஒப்பந்தத்தைப் பெறுதி என்பர். எண்ணெய் எடுக்கும் கிணறு ஒன்றேனும் இல்லாத ஒரு நாடு விலையேற்றத்துக்கு அஞ்சுதலும், அவ்வச்சத்துக்கு மாற்று நாடுதலும் குற்றமாகா.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1969இல் சப்புகஸ்கந்தையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய் மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அதற்கு அமைந்தது. விலை ஏறிச் சென்ற 2006ஆம் ஆண்டில் மத்திய வங்கி இத்தகைய காப்பு ஒப்பந்தங்களை அரசுக்கு எடுத்துரைத்தது. 2007இன் தொடக்கத்தில் அமைச்சரவையின் இசைவு கிடைத்தது. அதன்மேற் கூட்டுத்தாபனம் ஐந்து வங்கிகளோடு உடன்படிக்கை செய்தது. சிற்றி வங்கி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி, டொயிச் வங்கி ஆகிய மூன்றும் பிறநாட்டன. கொமர்ஷல் வங்கி, மக்கள் வங்கி ஆகிய இரண்டும் நம் நாட்டன.

இவற்றுள் டொயிச் வங்கியோடு 2008 யூலை 8ஆம் நாள் செய்த ஒப்பந்தம் ஏனையவற்றினும் தெளிவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பன்னாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பில் அதன் உறுப்புகள் விரித்துரைக்கப்பட்டமையே காரணம். ஆதலின் அதனையே பாடமாகக் கொண்டு நோக்குவோம். குறித்த விலை பீப்பாய்க்கு 112.50 டொலர், அளவு மாதத்துக்கு 100,000 பீப்பாய், காலம் 12 மாதம். மாதச் சராசரி விலை அதற்கு மேற்படின் வங்கி கூட்டுத்தாபனத்துக்கு வேறுபாட்டைச் செலுத்தும். கீழ்ப்படின் கூட்டுத்தாபனம் வங்கிக்குச் செலுத்தும். இம்மட்டும் கேட்போர் இதனை நேரிய தராசு என்றே கொள்வர். ஆனால் வங்கி செலுத்தும் தொகை மொத்தம் 2.5 மில்லியன் டொலரை எட்டியவுடன் ஒப்பந்தம் தானே முடிந்துவிடும் என்பது அதன் மற்றொரு விதி. கூட்டுத்தாபனம் செலுத்தவேண்டிய தொகைக்கோ அத்தகைய முடிவெல்லை இல்லை.

கணக்கை ஒரு மாணவன் கரும்பலகையிற் செய்துவிடலாம். விலை 137.50 டொலராயின், ஒரே மாதத்தில் வங்கி 2.5 மில்லியன் கொடுத்து விலகிவிடும். எஞ்சிய 11 மாதமும் கூட்டுத்தாபனம் விலையேற்றத்தின்முன் வேலியின்றி நிற்கும். விலை 50 டொலராயின், கூட்டுத்தாபனம் ஒரு மாதத்துக்கு 6.25 மில்லியன் கொடுத்தல் வேண்டும்; அடுத்த மாதமும் அவ்வாறே; ஆண்டு முடியும்வரை அவ்வாறே. எந்த ஏற்றத்துக்கு அஞ்சி வேலி கட்டப்பட்டதோ அந்த ஏற்றம் வந்தவுடன் வேலி மறைந்துபோம். அஞ்சாத திசையில் மட்டும் அது நிலைத்து நிற்கும். வேலியே பயிரை மேய்ந்தது எனச் சிலர் அந்நாளிற் பழமொழி கூறினர். பழமொழி பொருந்தவில்லை. வேலி மேயவில்லை, வயலுடையான் அது எப்பக்கம் அடைக்கப்பட்டது என்று சுற்றிவந்து பார்க்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து மூன்றாம் நாள், யூலை 11இல், நியூயோர்க்குச் சந்தையில் எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. அதுவே உச்சம். அமெரிக்க வங்கிகளின் வீழ்ச்சியோடு எண்ணெயும் வீழ்ந்து, டிசெம்பரில் 40 டொலருக்கும் கீழே சென்றது. நவெம்பர் 28ஆம் நாள் இலங்கை உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் செலுத்துதலை இடைக்காலக் கட்டளையால் நிறுத்தியது. டிசெம்பர் 16ஆம் நாள் மத்திய வங்கியும் அவ்வொப்பந்தங்களை நிறைவேற்றலாகாது எனப் பணித்தது. 2009 சனவரி 27இல் உயர் நீதிமன்றம் தன் நடவடிக்கையை முடித்துக்கொண்டது. மத்திய வங்கியின் பணிப்போ நின்றது. பின்னர் வழக்குகள் கடல் கடந்தன.

அவற்றின் முடிவுகள் ஒருபடித்தாய் அமையாமை கருதத்தக்கது. சிற்றி வங்கியின் கோரிக்கை இலண்டன் நடுவர் மன்றத்தில் 2011 யூலையில் தள்ளுபடியாயிற்று. அதே மாதத்தில் இலண்டன் நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 160 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தீர்ப்பளித்தது. 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. டொயிச் வங்கிக்கு 60 மில்லியன் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையும் வட்டியும் உரியவென 2012 ஒக்தோபர் 31இல் முதலீட்டுத் தகராறுகளுக்கான பன்னாட்டு நடுவர் மன்றம் பெரும்பான்மையால் முடிவுசெய்தது. மூவருள் ஒருவர் உடன்படாது தனித்தீர்ப்பு எழுதினார். இத்தகைய ஒப்பந்தம் முதலீடு ஆகாது என்பது அவர் கொள்கை. ஒரே காலத்தில் ஒரே நிறுவனம் செய்த ஒத்த இயல்பின ஒப்பந்தங்கள் வெவ்வேறு மன்றங்களில் வெவ்வேறு வகையாகப் படிக்கப்பட்டன.

எனினும் அத்தீர்ப்புகளைச் சேர்த்துப் படிப்போர் ஓர் ஒற்றுமையைக் காண்பர். மன்றங்கள் முதன்மையாக ஆராய்ந்தது அதிகாரத்தை. கூட்டுத்தாபனத்துக்கு இவ்வொப்பந்தம் செய்யும் தகுதி உண்டா? கையொப்பமிட்டவர்க்கு உரிமை உண்டா? ஒப்பந்தம் முதலீடு ஆகுமா? வங்கி அறிவுரையாளனா, வெறும் வணிகனா? நீதிமன்றத்துக்கு இவை உரிய வினாக்களே. ஆனால் தகுதியுடையவன் கையொப்பமிட்டாலும் நட்டம் அத்துணையே வந்திருக்கும் அன்றோ? அதிகாரம் பற்றிய வினாவால் நட்டத்தை எவன் தலையிற் சுமத்தலாம் என்பது விளங்குமேயன்றி, நட்டம் எவ்வாறு எவர்க்கும் தெரியாமல் வளர்ந்தது என்பது விளங்காது.

பொதுமக்கள் கண்டனமும் இதே குறையுடையது. சூதாட்டம் என்றனர். முழுதும் அவ்வாறன்று. மாதத்துக்கு 100,000 பீப்பாய் என்பது சப்புகஸ்கந்தை ஆலையின் இரண்டு நாள் வேலையளவே. எண்ணெய் விலை வீழ்ந்தபோது தாளில் நட்டம் வந்ததாயினும், வாங்கிய எண்ணெயின் செலவிற் பெரும் மிச்சமும் வந்தது. நட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டி மிச்சத்தை மறைப்பது நேர்மையான கணக்கன்று. இதனைச் சொன்னவர் மிகச் சிலர். சொன்னபோது கேட்டவர் அவரினும் சிலர்.

ஆயினும் அம்மிச்சமும் அந்நட்டமும் ஒரே பெட்டியில் விழவில்லை என்பதே இவ்வழக்கின் முடிச்சு. நட்டம் டொலராக, மாதந்தோறும், உடனே செலுத்தப்படவேண்டியது. மிச்சமோ ரூபாவாக, பெற்றோல் நிலையங்களின் வழியே, சிறுகச் சிறுக வருவது. அதுவும் விற்பனை விலையைக் குறையாது வைத்தால் மட்டுமே கூட்டுத்தாபனத்தின் கையில் தங்குவது. 2008 டிசெம்பரில் உயர் நீதிமன்றமோ பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்குமாறு கூறியது. மக்களுக்கு அது நியாயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. உலகச் சந்தையில் விலை மூன்றிலொன்றாய்க் குறைந்திருந்ததன்றோ! ஆனால் ஒரு கையால் வங்கிக்குப் பழைய விலையும், மறு கையால் மக்களுக்குப் புதிய விலையும் கொடுக்கும் வல்லமை எந்தக் கூட்டுத்தாபனத்துக்கும் இல்லை. நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பும் அவ்வேளை மெலிந்திருந்தது. 2009 யூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் ஏற்பாட்டை அரசு பெறவேண்டியதாயிற்று.

இனி ஈட்டைப் பற்றிக் கூறவேண்டும். கொழும்புச் செட்டியார் தெருவில் நகை அடகு வைத்தோர்க்கு அதன் தத்துவம் புதிதன்று. ஒரு இலட்சம் ரூபா பெறும் காப்புக்கு அடகு பிடிப்பவன் ஒரு இலட்சம் கொடான், குறைத்தே கொடுப்பான். குறைத்த பகுதி, பொன் விலை வீழ்ந்தால் தாங்குவதற்கு உரிய இடைவெளி. இடைவெளி சிறிதாய், விலை வீழ்ச்சி பெரிதாய் இருப்பின் நகையை மீட்க எவரும் வாரார். 2013இல் பொன் விலை சரிந்தபோது நம் நாட்டு வங்கிகள் சில அதனைத் தம் செலவிற் கற்றன.

பெறுதிச் சந்தையில் அவ்விடைவெளியே ஈட்டுப்பணம். வணிகர் அதனை மார்ஜின் என்பர். ஒப்பந்தத்தில் நுழைவோன் தொடக்கத்தில் ஒரு தொகையைத் தீர்வகத்தில் வைத்தல் வேண்டும். அதன்பின் நாள்தோறும், சந்தை மூடிய விலையைக்கொண்டு ஒப்பந்தம் மதிப்பிடப்படும். தோற்றவன் அன்றைய தோல்வியை அன்றே கட்டுவான். கட்டாதவனுடைய ஒப்பந்தம் மூடப்படும். இற்றைநாளில் இம்மதிப்பீடு நாளுக்கு ஒருமுறை என்ற நிலையையும் கடந்துவிட்டது. மும்பைத் தேசியப் பங்குச் சந்தை போன்ற இடங்களில் ஒவ்வோர் உறுப்பினனும் ஏற்றிருக்கும் இடர் வணிகம் நடக்குங்காலே கணினியிற் கணக்கிடப்பட்டு, அவன் வைத்த ஈட்டோடு ஒப்பிடப்படுகின்றது. ஈடு தீர்ந்தவனுக்கு மேலும் வாங்க வழி அடைபடும்.

2008ஆம் ஆண்டு ஒப்பந்தங்களோ சந்தையில் நிகழ்ந்தவையல்ல. வங்கியும் வாடிக்கையாளனும் நேருக்கு நேர் செய்துகொண்டவை. கணக்குத் தீர்த்தல் மாதத்துக்கு ஒருமுறை. அறுபது மில்லியனையும் வழக்காடியே கேட்கவேண்டியிருந்தமை வங்கியின் கையில் அதற்கு ஈடு இருந்திலது என்பதைக் காட்டும். வங்கி நம்பியது, கூட்டுத்தாபனத்தின் பின்னால் நிற்கும் அரசின் பெயரை.

ஈடு என்பது கடன் கொடுத்தவனைக் காப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அதன் இரண்டாம் பயன். யூலை 8ஆம் நாள் ஒப்பந்தம் 12 மாதத்துக்கு 1,200,000 பீப்பாய் அளவினது; குறித்த விலையிற் பெருக்கினால் 135 மில்லியன் டொலர். பத்திலொரு பங்கு தொடக்க ஈடு என ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால், 13.5 மில்லியன் டொலரைக் கையொப்பத்துக்கு முன்னரே எடுத்து வைத்தல் வேண்டும். பெறக்கூடிய பேறோ மிக்கது 2.5 மில்லியன்! இரண்டரையைப் பெறுதற்குப் பதின்மூன்றரையைப் பூட்டி வை என்ற கடிதம் கூட்டுத்தாபனக் கணக்காளரின் மேசைக்கு வந்திருக்குமாயின், பெறுதி என்னும் சொல்லையே கேளாத ஒருவரும் பேனாவைக் கீழே வைத்திருப்பார். தான் எவ்வளவு பெரிய பொருளைத் தூக்க ஒப்புக்கொள்கின்றான் என்பதைத் தூக்குவோனுக்கு முன்கூட்டியே உணர்த்துதல் ஈட்டின் முதற்பயன். 'செலவில்லாத காப்பு' என்று விற்கப்படும் சரக்கில் அவ்வுணர்த்தல் அகற்றப்பட்டுவிடுகின்றது. ஈடு கேளாமையை அக்காலத்தில் வங்கியின் பெருந்தன்மை என எண்ணியோரும் இருந்திருக்கக்கூடும்.

தொடக்க ஈடு ஒருபுறமிருக்க, நாள் ஈடு மற்றொன்று செய்திருக்கும். ஓகஸ்டிலிருந்து விலை இறங்கிய ஒவ்வொரு நாளும் ஓர் அழைப்பு வந்திருக்கும். நவெம்பர் இறுதியில் நீதிமன்றத்தின் முன் ஒரே மலையாக நின்ற நட்டம், செப்தெம்பரிற் கல்லாக இருந்தபோதே கண்ணிற் பட்டிருக்கும். அப்போது விலகுதற்கும் ஒரு விலை கொடுத்தல் வேண்டுமே எனின், ஆம். ஆனால் அது கல்லின் விலை.

இக்கொள்கைக்கு எதிராக வலிய ஒரு சான்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. மெத்தால்கெசெல்சாப்ட் என்னும் ஜேர்மனிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, வாடிக்கையாளர்க்குப் பத்தாண்டு வரையும் நிலைத்த விலையில் எண்ணெய் தர வாக்களித்து, அதற்குக் காப்பாகக் குறுங்கால எண்ணெய் ஒப்பந்தங்களை வாங்கியிருந்தது. 1993 இறுதியில் விலை வீழ்ந்தது. நெடுங்கால வாக்குறுதிகளிற் பேறு வளர்ந்தது. ஆனால் அது பின்னர் வரும் பேறு. குறுங்கால ஒப்பந்தங்களின் நட்டத்துக்கோ ஈட்டுப்பணம் அன்றன்றே கேட்கப்பட்டது. கையிருப்பு வற்றியது, ஒப்பந்தங்கள் மூடப்பட்டன, ஏறத்தாழ 1.3 பில்லியன் டொலர் நட்டம் வந்தது. பொறுத்திருந்தால் பிழைத்திருக்கும் என வாதித்தோருள் நோபெல் பரிசு பெற்ற மேட்டன் மில்லரும் ஒருவர். ஈடே அந்நிறுவனத்தை வீழ்த்தியது என்பது அவர் பக்கத்தாரின் கருத்துக்கு அண்மையானது. அந்நிறுவனத்தின் பெரும் பங்காளருள் டொயிச் வங்கியும் ஒன்று என்பதை ஈண்டுக் குறித்தல் பொருத்தம். உடன் வரும் கடனுக்கும் பின் வரும் பேறுக்கும் இடைப்பட்ட பள்ளத்தை அவ்வங்கி கொழும்புக்கு வருமுன்பே கண்டிருந்தது.

அச்சான்று ஈட்டின் தீமையைக் காட்டுகின்றதா? அதனினும், ஈட்டுக்குரிய பணத்தை முன்னரே ஒதுக்காமையின் தீமையையே காட்டுகின்றது. டொலரில்லாத நாடு நாள்தோறும் டொலரால் ஈடு கட்ட இயலாது என்பது மெய். அங்ஙனமாயின், டொலரால் தோற்கக்கூடிய ஒப்பந்தத்தை அந்நாடு செய்யவும் இயலாது என்பதும் மெய். 2022இல் எண்ணெய் ஏற்றிய கப்பல் கொழும்புக்கு அப்பால் வந்து நின்றும், செலுத்த டொலரின்மையால் இறக்கப்படாது காத்திருந்ததை நாடு கண்டது. அங்கே எண்ணெய் விற்றவன் பெயரை நம்பவில்லை. பணத்தைக் கண்ட பின்னரே குழாயைத் திறந்தான். வரிசையில் நின்றோர் அதனை ஈட்டின் பாடமாக எண்ணியிரார்.

கணினி கணந்தோறும் எண்ணுவதால் இடர் நீங்கிவிடும் என்று கருதுவோர் 2020 ஏப்பிரலை நினைத்தல் நன்று. பெருந்தொற்றின் பொருட்டு இந்தியப் பண்டச் சந்தையின் வணிக நேரம் மாலை 5 மணியோடு முடிக்கப்பட்டிருந்தது. ஏப்பிரல் 20ஆம் நாள் அச்சந்தை மூடிய பின்னர், நியூயோர்க்கில் எண்ணெய் விலை சுழியத்துக்கும் கீழே சென்று பீப்பாய்க்கு மறை 37.63 டொலரில் நின்றது. அதனைப் பின்பற்றி இந்திய ஒப்பந்தம் மறை 2,884 ரூபாவிற் கணக்குத் தீர்க்கப்பட்டது. வாங்கியவன் தன் பொருளின் முழு விலையையும் இழந்ததோடு அமையாது மேலும் கொடுக்கவேண்டியவனானான். வைத்த ஈடு போதவில்லை. தரகர் நீதிமன்றம் சென்றனர். விலை சுழியத்துக்குக் கீழே செல்லாது என்ற எண்ணத்தின்மேல் எழுப்பிய கணக்குக்குக் கணினியின் விரைவு துணைசெய்யவில்லை.

2008இன் பின் உலகநாடுகள் விதி வகுக்கத் தவறவில்லை. 2009 செப்தெம்பரில் பிற்ஸ்பேர்க்கிற் கூடிய இருபது நாட்டுத் தலைவர்கள், நேருக்கு நேர் செய்யும் பெறுதிகளுள் ஒருதரப்பட்டவற்றைத் தீர்வகங்களின் வழிச் செலுத்த உடன்பட்டனர். ஏனையவற்றுக்கு ஈடு வாங்கும் விதிகளைப் பாசல் குழுவும் பிணையங்கள் ஆணையங்களின் பன்னாட்டு அமைப்பும் 2013இல் வெளியிட்டன. ஆனால் அவ்விதிகள் நிதி நிறுவனங்களையும், நிதியமைப்பையே அசைக்கத்தக்க பெருநிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துவன. எண்ணெய் வாங்கி விற்கும் ஒரு நாட்டின் கூட்டுத்தாபனம் பொதுவாக அவற்றின் வெளியே நிற்கும். மெத்தால்கெசெல்சாப்ட் பட்ட பாட்டைக் கருதினால் அவ்விலக்கு இரக்கமுடையதே. 2008ஐக் கருதினால், வேலி எப்பக்கம் திறந்திருந்ததோ அப்பக்கம் இன்றும் திறந்தே உள்ளது.

பிறர் ஈடு கேளாவிடினும் தானே தன்னிடம் ஈடு கேட்டுக்கொள்ளுதல் ஒரு நிறுவனத்துக்கு இயலாததன்று. இத்தகைய ஒப்பந்தம் மறுபடியும் மேசைக்கு வருமாயின், சந்தை விலையைக்கொண்டு நாள்தோறும் அதனை மதிப்பிட்டு, கேட்கப்பட்டிருக்கக்கூடிய ஈட்டுக்குச் சமமான டொலரைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அத்தொகையைப் பெற்றோல் விலை அறிவிக்கும் அதே தாளில் அச்சிடலாம். ஒதுக்க டொலரில்லை என்று கணக்காளர் கூறுவாராயின், ஒப்பந்தம் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது.